பந்தி கலையும் வரை

இலையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கும்போதே எழுந்திருப்பதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்தாயிற்று. உட்காருவதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை, பாதி வழி போனால் மீதியைத் தரையே பார்த்துக்கொள்ளும். எழுந்திருப்பதுதான். இருளப்பசாமி கோயில் கொட்டகையில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, நடுவில் பரிமாறுகிறவர்கள் ஓட ஒரு சந்து, மேலே தகரக் கூரை கொதிக்கிறது, என் முழங்கால் பக்கத்து முழங்காலில் இடிக்கிறது. பக்கத்து முழங்கால் குருவம்மா அத்தையுடையது. அப்பாவின் அக்கா, இந்த வரிசையிலேயே மூத்தவள். அவள் எழுந்தால்தான் வரிசை எழ வேண்டும், அதுவரைக்கும் கை காய்ந்து போனாலும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் சாமி கோயில் வழக்கம். மேசை நாற்காலி போட்டால் என்ன என்று போன தடவை ஒரு புது மருமகள் கேட்டாளாம், சாமியே தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று வாயை அடைத்துவிட்டார்கள். போன தடவை. இதே கொட்டகை. தவமணி அண்ணனின் மூத்த பேத்திக்குக் காதுகுத்து. இன்றைக்கு இளைய பேத்திக்கு. போன தடவை எல்லாரும் எழுந்து கை கழுவப் போன பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். வலது கை எச்சில், ஊன்ற முடியாது. இடது கையை ஊன்றிப் பார்த்தேன், பாய்தான் சுருண்டது. அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டார்கள். 'இந்துராணிக்கு ஒரு கிரேன் சொல்லுங்கப்பா' என்றார் தவமணி அண்ணன். பெரியப்பா மகன், கேலி பேச உரிமை உள்ளவர். மருமகன்முறை வரும் இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்தது என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக. குண்டாக இருப்பவர்கள் அப்படித்தான் சிரிக்க வேண்டும், முதலில் சிரித்து முடித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பது கொஞ்சம் குறைச்சலாக வலிக்கும்.

சோறு வந்துவிட்டது. போதும் என்று கையைக் குறுக்கே நீட்டுவதற்குள் இன்னொரு கரண்டி விழுந்துவிட்டது. இங்கே போதும் என்ற சொல்லுக்கு மரியாதை கிடையாது, இன்னும் கொஞ்சம் என்றுதான் அதற்கு அர்த்தம். கறி வாளியைத் தூக்கிக்கொண்டு தவமணி அண்ணனே வருகிறார். வரட்டும். கிரேனுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன், பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்தது, 'இந்தத் தடவை உங்களைத் தூக்கத்தான் கிரேன் வேணும்ணே' என்று. அவருக்கும் தொப்பை இறங்கிவிட்டது. அவர் என் இலைக்கு முன்னால் குனிகிறார், கரண்டியை வாளியின் அடிவரைக்கும் விட்டுத் துழாவுகிறார். 'தங்கச்சிக்கு ஈரல் இருந்தா எடுத்து வச்சிருங்கப்பா' என்று பின்னால் வருகிறவரிடம் சொல்கிறார். அப்புறம் என்னிடம், ரொம்பத் தணிந்த குரலில், 'மெதுவா சாப்பிடும்மா. ஒண்ணும் அவசரமில்ல.' தங்கச்சியா. அம்மா செத்தபோது வந்து எல்லாம் எடுத்துக்கட்டிச் செய்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு ஒரு போன் கிடையாது. நான் வைத்திருந்த பதில் வாயிலேயே நின்றுவிட்டது. காலையிலிருந்தே இப்படித்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையை வாங்கிக்கொண்டார்கள். மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டார்கள். ஒருத்தி இளநீர் கொண்டுவந்து தந்தாள். நான் என்ன நினைத்தேன் என்றால், கவனித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இளைத்திருக்கிறேன், எல்லாரும் பார்த்துவிட்டார்கள், இது அதற்கான மரியாதை. அந்த நாற்காலியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன், புடவைக் கொசுவத்தை இரண்டு தடவை சரிசெய்தேன். இப்போது எதிர் வரிசையில் ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொல்கிறாள். பக்கத்தில் இருப்பவள் கன்னத்தில் இடது கையை வைத்துக்கொள்கிறாள். அத்தை என் தொடைமேல் கையை வைத்து அமுக்கிப் பார்க்கிறாள். 'எலும்பு தட்டுதே தாயி' என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், 'மெட்ராஸ் போயிக் காட்டுனியா?'

ஓ. அதுவா. எனக்கு ஒரு நொடி சிரிப்பு வந்தது. நோய் என்று நினைத்துவிட்டார்கள். யாருக்காவது உடம்பு இறங்கினால் எங்கள் ஆட்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. சுகர், இல்லாவிட்டால் மனக்கஷ்டம், இரண்டும் இல்லை என்றால் அந்தப் பெரிய நோய், பெயர் சொல்ல மாட்டார்கள், 'அது' என்பார்கள். தானே மெனக்கெட்டு ஒரு பொம்பளை இளைப்பாளா, அதுவும் ஐம்பதை நெருங்குகிற வயதில், கல்யாணம் ஆகாத பொம்பளை, யார் பார்க்க? ரவிக்கையைப் பிடித்துத் தரச் சொன்னபோது தையல்காரரும் இதைத்தான் கேட்டார், உடம்புக்கு என்னக்கா என்று. நடக்கிறேன், சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன் என்றேன். சரி சரி என்றார், நம்பாமல். பள்ளிக்கூட ஆபீஸில் என் எதிர் நாற்காலிக்காரர் ஒரு தடவை, மேடம் ஏதோ மாறியிருக்கீங்களே, கண்ணாடியா, என்றார். கண்ணாடி பழசுதான். இத்தனை நாளும் ஒருத்தரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். முதலில் ஜெசிந்தா டீச்சர் இருந்தார், எல்லீஸ் நகர்ப் பூங்காவில் என்னோடு சுற்றுவார், மருமகளைத் திட்டிக்கொண்டே நடப்பார், மருமகள்மேல் கோபம் ஏறினால் நடையும் ஏறும், நான் மூச்சிரைக்கப் பின்னால் ஓடுவேன். அப்புறம் அதே மருமகளோடு பெங்களூர் போய்விட்டார். பூங்காவில் நான் மட்டும். எடை பார்க்கும் மிஷின் ஒரு இடத்தில் வந்து நின்றதும் அப்போதுதான், மாதக்கணக்கில் அசையவில்லை, நான் ஏறி நிற்பேன், அதே எண், இறங்கி நகர்த்திப் போட்டு ஏறுவேன், அதே எண். வேறு யாராவது ஏறிப் பார்த்தால் மிஷின் கெட்டுவிட்டதா என்று தெரியும், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். போனில் நடையை எண்ணுகிற ஒன்று இருக்கிறது, நடந்து முடித்ததும் கலர்க் காகிதம் பறக்கிற மாதிரி காட்டிப் பிரமாதம் என்று சொல்லும். இத்தனை காலத்தில் பிரமாதம் என்று சொன்னது அது ஒன்றுதான். ஒருநாள் அதற்கு நன்றி சொன்னேன், வாய்விட்டு. சமையலறையில் என் குரல் எனக்கே யாரோ வந்திருப்பதைப்போல் இருந்தது.

'காட்டுனியா தாயி?' அத்தை விடவில்லை. இல்லை அத்தை, எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். சின்ன வாக்கியம்தான். வாயில் சோறு இருந்தது, அதனால் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சோற்றை விழுங்கிய பிறகும் சொல்லவில்லை. அத்தையின் கை இன்னும் என் தொடைமேல் இருக்கிறது. அதுதான் விஷயம். சூடாக, கனமாக, விரலில் மோதிரம் அழுந்த. என்னை யாராவது தொட்டு எவ்வளவு காலம் ஆகிறது. கண்டக்டர் சில்லறை தரும்போது விரல் படும், காய்க்காரம்மா பையைத் தரும்போது படும், அவ்வளவுதான். அம்மா இருந்தவரைக்கும் நாள் முழுக்கத் தொடுவதுதான் வேலை, புரட்ட, துடைக்க, தூக்கி உட்கார வைக்க. அம்மாவும் என்னைப் போலத்தான், கடைசியில் இடுப்பு விழுந்துவிட்டது, ஆள் வைத்துப் பார்த்தேன், வந்தவள் தூக்க முடியாமல் போய்விட்டாள். நான் தூக்குவேன். நானும் பெரிய உடம்பாக இருந்ததால்தான் தூக்க முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன், அம்மாவும் அப்படியே சொல்வாள், 'உன்னைப் பெத்தது நல்லதாப் போச்சுடி, சின்ன உடம்புக்காரியப் பெத்திருந்தா என் கதி என்ன.' அம்மா போய்விட்டாள். தூக்குவதற்கு எதுவும் இல்லாமல் என் கை இரண்டும் தொங்கிக்கொண்டு கிடந்தன. இப்போது ஒரு கை என்மேல் இருக்கிறது, எனக்கு அது வேண்டும், உண்மையைச் சொன்னால் எடுத்துவிடுவாள். நோயாளி என்றால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் நினைக்கிறேன். தலையை ஆட்டியும் ஆட்டாமலும் வைத்தேன். அத்தை அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். தன் இலையிலிருந்து நெஞ்செலும்புத் துண்டு ஒன்றை எடுத்து என் இலையில் வைத்தாள்.

அப்புறம் இன்னொன்று. இந்தப் பக்கத்திலிருந்து யாரோ குடல் குழம்பை என் சோற்றில் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினார்கள். சாப்பிடு, தெம்பு வரும், சாப்பிடு. இந்தக் கோயிலில் இலையில் மிச்சம் வைக்கக் கூடாது, வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது, வெட்டியதும் ஆக்கியதும் இங்கேயே தீர வேண்டும். சாப்பிடுகிறேன். நன்றாக இருக்கிறது, அதுதான் கஷ்டம். மிளகும் நல்லெண்ணெயும் எலும்புக்குள் இறங்கிய ருசி, நாக்கு பழைய வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி உள்ளே ஓடுகிறது. எனக்கு என்னைத் தெரியும். இதற்கு முன்னால் இரண்டு தடவை இப்படி ஆரம்பித்து இரண்டு தடவையும் ஒரு விருந்தில்தான் விட்டேன். ஒரு கிரகப்பிரவேசத்தில் ஒரு ஜாங்கிரி, அவ்வளவுதான், மறுநாள் காலையில் எழுந்ததும் இன்றைக்கு ஒருநாள் படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, அந்த ஒருநாள் இரண்டு வருஷம் ஆயிற்று. மலையிலிருந்து உருளுகிறவர்கள் யாரும் உச்சியில் நின்று முடிவு செய்துவிட்டு உருளுவதில்லை, ஒரு கல்தான் தட்டும். இன்றைக்கு அந்தக் கல்லா? இந்த நெஞ்செலும்பா? நாளைக்குக் காலையில் பூங்காவுக்குப் போவேனா? போகாவிட்டால் யார் கேட்பார்கள். அங்கேதான் எனக்குப் பயம். இங்கே எத்தனை பேர் சாப்பிடு சாப்பிடு என்கிறார்கள், நட என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. விட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த காதுகுத்துக்குள் பழையபடி ஊதிப்போய் வந்து நின்றால், அப்பாடா பிழைத்துக்கொண்டாள் என்பார்கள், சந்தோஷமாகக் கிரேன் கேட்பார்கள்.

விட முடியாது. ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அழகுக்கு இல்லை, சுகருக்கு இல்லை, டாக்டர் சொல்லி இல்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். விழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அடி ஒன்றும் பெரிதாகப் படவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வாளியைப் பிடித்தேன், வாளி கவிழ்ந்தது. குழாயைப் பிடித்தேன், குழாய் ஆடியது, உடைந்து தண்ணீர் பீய்ச்சினால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சமையல் நிகழ்ச்சி, வெங்காயம் பொன்னிறமாக வதங்கியதும் என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டிருக்கலாம். வந்திருப்பார்கள். கதவை உடைத்திருப்பார்கள். உடம்பில் துணி இல்லை. அந்த உடம்பை, அந்தத் தரையில், நாலு பேர் வந்து தூக்குவதை நினைத்துப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். செத்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேனா? நினைத்தேன். பொய் சொல்வானேன். அம்மாவைத் தூக்க நான் இருந்தேன், என்னைத் தூக்க யார் என்ற கேள்வி அந்த ஈரத் தரையில்தான் முதல்முதலாக எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது, வந்தது போகவில்லை. வெயில் ஜன்னல் வழியாகச் சுவரில் ஏறி அப்புறம் இறங்கும்வரைக்கும் கிடந்தேன். கடைசியில் தவழ்ந்து, ஆமாம், குழந்தை மாதிரித் தவழ்ந்து, கூடத்துக்கு வந்து, கட்டில் காலைப் பிடித்து எழுந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நடக்கப் போனேன். நடையைவிட முக்கியம் இன்னொன்று, தினமும் காலையில் கூடத்தில் தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்து பார்ப்பது. முதலில் முடியவே முடியாது, பக்கவாட்டில் சாய்ந்துவிடுவேன், கூரையைப் பார்த்துக்கொண்டு என்னையே திட்டுவேன். இப்போது முடியும். ஆனால் அதெல்லாம் வெறும் வயிற்றில், நைட்டியில், பக்கத்தில் கட்டில் இருக்கிற தைரியத்தில். இங்கே பட்டுப்புடவை, வயிறு முட்டச் சோறு, எச்சில் கை, கட்டில் இல்லை, பார்க்கிற கண்ணுக்குக் குறைவில்லை. இத்தனை சாப்பிட்ட பிறகு எழுந்து பார்த்ததே இல்லை. முடியாமல் போனால் இதெல்லாம் எதற்கு.

ரசம் வந்தது, மோர் வந்தது. என் இலையில் ஒன்றும் மிச்சமில்லை, எலும்பைத் தவிர. அத்தை என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள், 'செலவுக்கெல்லாம் யோசிக்காத தாயி, தவமணிகிட்டச் சொல்லிருக்கேன், நாம எல்லாரும் இருக்கோம்ல' என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. மோரோடு சேர்த்து ஒரு கிழவியின் கண்ணீரையும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே. 'அத்தை, எனக்கு ஒண்ணும் இல்ல' என்றேன். 'நானாத்தான் கொறைச்சேன். காலையில நடக்குறேன். சாப்பாட்டக் கொறைச்சிட்டேன்.' அத்தை என்னைப் பார்த்தாள், தலையை மெதுவாக ஆட்டினாள். 'எங்க நாத்தனாரும் இப்படித்தான் சொன்னா' என்றாள். 'கடைசி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல, பாவி.' 'நெசமாத்தான் அத்தை.' 'சரித்தா. சரி. நா இனிமே கேக்கல, போதுமா.' என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இதற்கு மேல் என்ன சொல்வது. மருந்து வாங்கியதற்கு ரசீது இருக்கும், நடந்ததற்கு எதைக் காட்ட. தனியாக ஒரு காரியத்தைச் செய்தால் இதுதான் கதி, செய்ததற்குச் சாட்சியே இருக்காது. மோர் குடித்த டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வரிசையே உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் சாப்பிட்டாயிற்று, அத்தையைப் பார்க்கிறார்கள். அடுத்த பந்தி ஆட்கள் கொட்டகை வாசலில் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அத்தை இடது கையைப் பாயில் ஊன்றினாள். அழுத்தினாள். பாய் சுருண்டது. எனக்குத் தெரியும் அந்தப் பாய் சுருளுவது. அத்தை திரும்பவும் ஊன்றினாள், முட்டி வலியில் முகம் கோணியது, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பும் தெரியும். 'தவமணி' என்று அவள் கூப்பிட வாயெடுத்தாள், அதற்குள் தவமணி அண்ணனே அந்தக் கோடியிலிருந்து, 'யாராச்சும் இந்துவப் புடிச்சுத் தூக்கி விடுங்கப்பா, பாத்து, மெதுவா' என்றார்.

என்னை. இரண்டு பேர் என் பக்கம் வருகிறார்கள். வந்தால் பிடிப்பார்கள், பிடித்தால் நல்லாத்தான் இருக்கும், யாரும் சிரிக்க மாட்டார்கள் இந்தத் தடவை. 'வேணாம்' என்றேன். நோயாளிக்கு வழக்கத்திலிருந்து விலக்கு போல, அத்தைக்கு முன்னால் எழுவதை யாரும் தடுக்கவில்லை. சம்மணத்தைப் பிரித்தேன். ஒரு முழங்கால் பாயில், மறு பாதம் தரையில். வயிறு தொடையில் முட்டியது, மூச்சு முட்டியது, ஒரு கணம் கூடத்துக் கட்டிலின் காலை மனசு தேடியது, இல்லை, எதுவும் இல்லை. முன்னால் சாய்ந்தேன். இருக்கிற கனமெல்லாம் அந்த ஒரு பாதத்துக்கு வந்தது, வந்து நின்றது, தொடை நடுங்கியது. எழுந்துவிட்டேன். நிற்கிறேன். கொட்டகையில் ஒருத்தரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை, நிற்பதில் பார்க்க என்ன இருக்கிறது. வந்த இரண்டு பேர் வந்த வழியே திரும்பினார்கள். கீழே அத்தை என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து கையை நீட்டினேன். 'எடது கையவா குடுப்ப?' என்றாள். 'சோத்துக்கை எச்சிலா இருக்கு அத்தை. பிடிங்க.' பிடித்தாள். காலை அகட்டி நின்று இழுத்தேன், அவள் கனம் முழுதும் என் தோளுக்கு ஏறியது, அம்மாவுக்குப் பிறகு இப்போதுதான் அந்த இடம் அப்படி வலிக்கிறது, இது எனக்குத் தெரிந்த வலி, எவ்வளவு சுமக்கலாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அத்தை எழுந்தாள். அத்தை எழுந்ததும் வரிசை எழுந்தது.

அவள் என் கையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள், புஜத்தை இரண்டு விரலால் கிள்ளியும் பார்த்தாள். 'ஏத்தா, அப்ப நெசமாவே உனக்கு நோவு ஒண்ணும் இல்லயா?' என்றாள். 'இல்லத்தை.' இனிமேல் கையை விடுவாள் என்று காத்திருந்தேன். 'அப்பறம் எதுக்குடி இப்படிக் கெடந்து எளைச்ச?' இத்தனை காலமாக யாரும் கேட்காத கேள்வி, கேட்டால் சொல்ல என்னவெல்லாமோ வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது. 'விழுந்தா நானே எந்திரிக்கணும்ல அத்தை' என்றேன். அடுத்த பந்திக்காரர்கள் எங்களை இடித்துக்கொண்டு எங்கள் இடங்களில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள், எங்கள் இலைகளை எடுக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை. வெயிலில் குழாயடிக்கு நடந்தோம், குறுக்காகப் பிடித்த இடது கைகளோடு, ஒருத்தி காலை ஒருத்தி மிதித்துக்கொண்டு. யாரோ குழாயைத் திறந்துவிட்டார்கள். கழுவ வேண்டியது வலது கைதான், அதனால் கழுவும்போதும் அத்தை கையை விடவில்லை.